வட்டமிடும் ஒளி: குறைகடத்தி வளைய லேசர்

லேசர் என்ற சொல்லைக் கேட்டிராத மாணவர் இன்று எவரும் இலர். கடையில் பொருளின் விலைக்கோடுகளைப் படிப்பதும், கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியே கண்டம் விட்டுக் கண்டம் செய்தி அனுப்புவதும் லேசரே. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக் கோல் ஒன்றிலிருந்து முதன்முதலாக லேசர் ஒளியைப் பெற்றார். இரண்டே ஆண்டுகளில், அதாவது 1962-இல், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவன ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் ஹாலும் அவருடைய குழுவினரும் காலியம் ஆர்சனைடு என்னும் குறைகடத்திப் படிகத்திலிருந்து லேசர் ஒளியைப் பெற்றனர். அந்தப் படிகத்தைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து, விட்டுவிட்டு மின்சாரம் பாய்ச்ச வேண்டியிருந்தது. 1970-இல் லெனின்கிராடில் அல்ஃபெரோவின் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஹயாஷி, பானிஷ் ஆகிய இருவரும் அறை வெப்பநிலையிலேயே தொடர்ந்து ஒளிரும் குறைகடத்தி லேசரைச் செய்து முடித்தனர்.

மேற்கூறிய லேசர்கள் அனைத்திலும் ஒளி இரண்டு எதிரொளிக்கும் பரப்புகளுக்கு இடையே முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அந்தப் பரப்புகளே இல்லாமல் லேசர் செய்ய முடியுமா? முடியும். ஒளியை வட்டமாக ஓடவிட்டால் போதும். அப்படிப்பட்ட லேசரே வளைய லேசர். குறைகடத்திச் சில்லின்மீது அதனை எவ்வாறு வடிவமைக்கிறார்கள், எவ்வாறு செய்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணாடி எதற்கு?

கிளர்ச்சி நிலையில் இருக்கும் ஓர் அணுவின்மீது தகுந்த அலைநீளமுள்ள ஒளித்துகள் பட்டால், அணு அதே போன்ற மற்றோர் ஒளித்துகளை வெளிவிடும். இதுவே தூண்டிய உமிழ்வு. இந்தக் கருத்தை ஐன்ஸ்டீன் 1917-இல் வெளியிட்டார். ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் ஒளி பெருகும். குறைகடத்தியில் இந்த வேலையைச் செய்பவை எலெக்ட்ரான்களும் துளைகளும் ஆகும். பி-வகைப் பகுதியும் என்-வகைப் பகுதியும் சந்திக்கும் மெல்லிய அடுக்கில் மின்னோட்டம் இவற்றைக் கொண்டுவந்து குவிக்கிறது. எலெக்ட்ரான் துளையுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது.

ஒருமுறை கடந்து சென்றால் ஒளி போதிய அளவு பெருகாது. ஆகவே அதே பாதையில் அதைத் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டும். சாதாரணக் குறைகடத்தி லேசரில் இதற்குத் தனிக் கண்ணாடி கிடையாது. படிகத்தை அதன் இயற்கையான தளத்தில் பிளந்தால் மிகவும் வழவழப்பான முகம் கிடைக்கும். இப்படிகங்களின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.5. காற்றின் ஒளிவிலகல் எண் 1. எனவே நேராக வந்து மோதும் ஒளியில் எதிரொளிக்கும் பங்கு 2.5-ஐ 4.5-ஆல் வகுத்து வருவதன் இருமடி, அதாவது 0.31 ஆகும். நூற்றில் 31 பங்கு திரும்பி வருகிறது. 69 பங்கு வெளியேறுகிறது. இரு முகங்களிலும் மோதித் திரும்பினால் நூற்றில் பத்துப் பங்குகூட மிஞ்சாது. இந்தப் பேரிழப்பையும் ஈடுகட்டும் அளவுக்குப் படிகத்தில் பெருக்கம் இருப்பதால்தான் லேசர் இயங்குகிறது.

இம்முறையில் ஒரு பெரிய தடை உண்டு. பிளந்த முகம் சில்லின் ஓரத்தில்தான் அமைய முடியும். ஒரே சில்லில் பல லேசர்களையும், அவற்றின் ஒளியைக் கட்டுப்படுத்தும் உறுப்புகளையும், ஒளி உணர்விகளையும் ஒன்றாக அமைக்க விரும்புகிறோம் என வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் லேசருக்கு எங்கே போய்ப் பிளப்பது? டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் ஆயிரக்கணக்கில் அமைக்க முடிந்ததால்தான் கணிப்பொறி மேசைக்கு வந்தது. ஒளிச்சுற்றுகளுக்கும் அதே நிலை வரவேண்டுமானால், ஓரத்தை நம்பாத லேசர் வேண்டும்.

கிசுகிசுக்கும் மாடம்

லண்டனில் உள்ள தூய பவுல் பேராலயத்தின் குவிமாடத்தில் வட்டமான நடைமாடம் ஒன்று உண்டு. சுவரோரம் நின்று ஒருவர் மெல்லப் பேசினால், மாடத்தின் மறுபுறத்தில் சுவரோரம் நிற்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். ஒலி நடுவெளியைக் கடந்து வருவதில்லை. வளைந்த சுவரைத் தழுவிக்கொண்டே வருகிறது. இதன் அலைக் கொள்கையை ராலே பிரபு 1910-இல் விளக்கினார். நம் சர் சி. வி. இராமனும் 1921-இல் இங்கிலாந்து சென்றபோது இம்மாடத்தில் சோதனைகள் செய்தார். பின்னர் பிஜப்பூரின் கோல் கும்பஸ் போன்ற நம் நாட்டு மாடங்களையும் ஆராய்ந்தார்.

ஒலி செய்வதை ஒளியும் செய்யும். ஒளிவிலகல் எண் 3.5 உள்ள பொருளிலிருந்து காற்றை நோக்கி வரும் ஒளிக்கு மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 16.6 பாகைதான். இதைவிடச் சாய்வாக வந்து மோதும் கதிர் முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே திரும்பிவிடும். ஆகவே ஒரு சிறிய வட்டத் தட்டின் விளிம்பை ஒட்டி ஒளி சுற்றிச் சுற்றி ஓட முடியும். 1992-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தினர் இந்த முறையில் சில மைக்ரான் விட்டமே உடைய நுண்தட்டு லேசர்களைச் செய்து காட்டினர். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தட்டுக்குப் பதிலாக வளையமாக ஒரு வரப்பை அமைத்தால் அது வளைய லேசர். வயலில் வரப்பு எழுந்து நிற்பதுபோல, படிகத்தின் மேற்பரப்பில் சுமார் 2 மைக்ரான் அகலமுள்ள மேடு வட்டமாக எழுந்து நிற்கும். வரப்புக்குக் கீழே உள்ள பகுதியில் ஒளி அடைபட்டு ஓடும். இத்தகைய ஒளிப்பாதையை அலைநடத்தி என்பர். பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் 1990-இல் குறைகடத்தி வளைய லேசரைத் தொடர்ந்து ஒளிரும்படி இயக்கிக் காட்டினர்.

வளையத்தில் எத்தனை அலைகள்?

வட்டமாக ஒரு நெளிக்கோலம் போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நெளிவுகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இருந்தால்தான் தொடங்கிய இடத்தில் கோடு வந்து சேரும். இல்லாவிட்டால் முனைகள் ஒட்டாமல் நிற்கும். வளையத்தில் ஒளிக்கும் இதே விதி. சுற்றளவை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் முழு எண் வரவேண்டும். அப்படி வரும் அலைநீளங்கள் மட்டுமே தம்மைத்தாமே வலுப்படுத்திக்கொள்ளும். மற்றவை குறுக்கீட்டு விளைவால் அழியும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். வளையத்தின் சுற்றளவு 1000 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர் என்க. ஆரம் ஏறத்தாழ 159 மைக்ரான். அலைநடத்தியில் ஒளி உணரும் ஒளிவிலகல் எண் 3.2 என்க. நமக்கு வேண்டிய அலைநீளம் 1.55 மைக்ரான், கண்ணாடி இழையில் மிகக் குறைந்த இழப்புடன் செல்லும் ஒளி இதுவே. 3.2-ஐ 1000-ஆல் பெருக்கினால் 3200. இதை 1.55-ஆல் வகுத்தால் 2064.5 வருகிறது. முழு எண் இல்லை! எனவே சரியாக 1.55 மைக்ரானில் இந்த வளையம் ஒளிராது. 2064 அலைகள் அடங்கும் 1.5504 மைக்ரானிலோ, 2065 அலைகள் அடங்கும் 1.5496 மைக்ரானிலோ ஒளிரும். இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.75 நானோமீட்டர். ஒளிவிலகல் எண் அலைநீளத்துடன் சிறிது மாறுவதால் உண்மை இடைவெளி இன்னும் சற்றுக் குறையும். இவற்றுள் படிகத்தின் பெருக்கம் எதற்கு மிகுதியோ அது முந்திக்கொள்ளும்.

வடிவமைப்பவரின் தராசு

வளையம் சிறியதாக இருந்தால் சில்லில் இடம் மிச்சம். அடுத்தடுத்த அலைநீளங்களும் நன்கு விலகி நிற்கும். அப்படியானால் மிகச் சிறியதாகவே செய்துவிடலாமே? இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

மாணவர்கள் வரிசையாகக் கைகோத்து நடந்து ஒரு திருப்பத்தில் திரும்பும்போது, உள்ளே இருப்பவர் மெல்ல நடக்க, வெளியோரத்தில் இருப்பவர் ஓட வேண்டும். வளைந்த பாதையில் செல்லும் ஒளியலையின் வெளியோரமும் அவ்வாறே விரைய வேண்டும். ஓர் எல்லைக்கு அப்பால் அந்த ஊடகத்தில் ஒளி செல்லக்கூடிய வேகத்தைவிட மிகுதியாக விரைய வேண்டியிருக்கும். அது இயலாது. ஆகவே அந்தப் பகுதி வரிசையைவிட்டுப் பிரிந்து வெளியே சிதறிப் போய்விடும். இதுவே வளைவு இழப்பு. ஆரம் குறையக் குறைய இந்த இழப்பு மிக விரைவாக ஏறும்.

இதைத் தடுக்க வரப்பின் இரு பக்கமும் ஆழமாக அரித்துவிடலாம். அப்போது படிகத்துக்கு அருகிலேயே காற்றோ கண்ணாடிப் பொருளோ இருக்கும். ஒளிவிலகல் எண்ணில் வேறுபாடு மிகுதியாவதால் ஒளி இறுக அடைபடும். சில பத்து மைக்ரான் ஆரமே போதும். ஆனால் ஆழமாக அரிக்கும்போது ஒளி பிறக்கும் அடுக்கையும் வெட்டிவிடுகிறோம். வெட்டிய பரப்பில் எலெக்ட்ரானும் துளையும் ஒளி தராமலேயே சேர்ந்து வீணாகின்றன. காலியம் ஆர்சனைடில் இந்த வீணாதல் மிகுதி. இண்டியம் பாஸ்பைடு இனப் படிகங்களில் குறைவு. மேலாக அரித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒளி தளர்வாகவே அடைபடுவதால் ஆரம் நூற்றுக்கணக்கான மைக்ரான் வேண்டும். எது வேண்டும் என்பதைப் பயனைப் பொறுத்து வடிவமைப்பவர் எடைபோட வேண்டும்.

அடுத்த கேள்வி: ஒளி வட்டமிட்டுக்கொண்டே இருந்தால் நமக்கு எப்படிக் கிடைக்கும்? வளையத்தின் அருகே ஒரு மைக்ரானுக்கும் குறைவான இடைவெளி விட்டு மற்றோர் அலைநடத்தியை நேர்கோடாக அமைக்கிறார்கள். முழு அக எதிரொளிப்பின்போதும் ஒளியலையின் ஒரு மெல்லிய வால் வெளியே சிறிது தூரம் நீண்டு மறைகிறது. அந்த வால் அடுத்த அலைநடத்தியைத் தொட்டால் ஒளியில் ஒரு பங்கு அங்கே தாவிவிடும். இடைவெளியையும், இரண்டும் இணையாகச் செல்லும் நீளத்தையும் மாற்றி, எவ்வளவு பங்கு வெளியே வரவேண்டும் என்று தீர்மானிக்கலாம். நூற்றில் 10 பங்கை வெளியே எடுத்தால் 90 பங்கு வளையத்திலேயே தங்கும். பிளந்த முகத்துடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேர் அலைநடத்தியின் முனை சில்லின் ஓரத்தைச் சந்திக்கும் இடத்தில் சற்றுச் சாய்வாக அமைக்கப்படும். சாய்க்காவிட்டால் அங்கே எதிரொளித்த ஒளி திரும்பி வந்து, வளையத்தில் எதிர்த்திசையில் புகுந்துவிடும். இது எவ்வளவு பெரிய குழப்பம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தயாரிக்கும் முறை

முதல் வேலை படிக அடுக்குகளை வளர்த்தல். மெருகேற்றிய இண்டியம் பாஸ்பைடுத் தகட்டைச் சுமார் 600 முதல் 650 செல்சியஸ் வரை சூடேற்றி, அதன்மீது இண்டியம், காலியம் ஆகிய உலோகங்களின் கரிமச் சேர்மங்களின் ஆவியையும், பாஸ்பீன், ஆர்சைன் ஆகிய வாயுக்களையும் செலுத்துவர். அணு அடுக்கின்மேல் அணு அடுக்காகப் படிகம் வளரும். ஒளி தரும் அடுக்குகள் ஒவ்வொன்றும் 10 நானோமீட்டருக்கும் குறைவான தடிப்பே உடையவை. இவற்றைக் குவாண்டம் கிணறுகள் என்பர். பாஸ்பீனும் ஆர்சைனும் கொடிய நச்சு வாயுக்கள். ஆகவே கசிவைக் கண்டறியும் கருவிகளுடன் கூடிய தனி அறையிலேயே இவ்வேலை நடைபெறும்.

இரண்டாவது, வளையத்தை வரைதல். தகட்டின்மீது சிலிக்கன் டை ஆக்சைடுப் படலம் இட்டு, அதன்மேல் நுண்பூச்சு ஒன்றைத் தடவுவர். பூச்சு ஒரே சீராகப் பரவும்படி தகட்டை நிமிடத்துக்குச் சில ஆயிரம் முறை சுழற்றுவர். பின்னர் எலெக்ட்ரான் கற்றையால் வளையத்தை வரைவர். கற்றை பட்ட இடத்தின் கரைதிறன் மாறுவதால், கரைப்பானில் கழுவியதும் வளையத்தின் உருவம் தெரியும். ஒரு நுட்பத்தை இங்குக் கவனிக்க வேண்டும். கற்றை நுண்ணிய கட்டங்களின் வழியே நகர்வதால், உண்மையில் அது வரைவது வட்டமன்று. மிகச் சிறு படிகள் கொண்ட உருவம். படிகள் பெரியவையானால் அவையே வளையத்தின் சுவரில் சொரசொரப்பாக நின்றுவிடும்.

மூன்றாவது, அரித்தல். முதலில் பூச்சின் உருவம் சிலிக்கன் டை ஆக்சைடுக்கு மாற்றப்படும். பின்னர் அதையே கவசமாகக் கொண்டு, குறைந்த அழுத்தத்தில் மீத்தேன், ஹைடிரஜன் கலவையில் மின்னிறக்கம் உண்டாக்கி, அந்தப் பிளாஸ்மாவால் இண்டியம் பாஸ்பைடை அரிப்பர். திரவ அமிலம் பக்கவாட்டிலும் தின்றுவிடும். பிளாஸ்மாவிலுள்ள அயனிகள் நேர் கீழாக வந்து மோதுவதால் சுவர் செங்குத்தாக அமைகிறது. எவ்வளவு ஆழம் சென்றது என்பதை எப்படி அறிவது? வேறொரு லேசர் கற்றையைத் தகட்டின்மீது பாய்ச்சி, எதிரொளிக்கும் ஒளி கூடிக் குறைவதைப் பார்த்தே ஆழத்தை அளந்துவிடுவர்.

இந்தக் கட்டத்தில்தான் லேசரின் தலைவிதி எழுதப்படுகிறது எனலாம். சுவரின் மேடுபள்ளம் இருமடங்கானால், ஒளி சிதறுவது நான்கு மடங்காகும். சில நானோமீட்டர் வேறுபாடுகூட நல்ல லேசரையும் பயனற்ற லேசரையும் பிரித்துவிடும்.

நான்காவது, மின் இணைப்பு. தகடு முழுவதையும் மின்காப்புப் படலத்தால் மூடி, வரப்பின் உச்சியில் மட்டும் சாளரம் திறப்பர். அதன்மேல் டைட்டேனியம், பிளாட்டினம், தங்கம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைப்பர். பிறகு தகட்டின் அடிப்புறத்தைத் தேய்த்து மெலிதாக்கி, அங்கும் உலோகம் இட்டுச் சிறிது நேரம் சூடாக்குவர். தகடு மெலிந்தால் வெப்பம் எளிதில் வெளியேறும். இறுதியில் சில்லுகளாகப் பிரித்துச் செப்புத் தாங்கியில் பொருத்தி மின்னோட்டம் செலுத்துவர்.

வலஞ்சுழியா, இடஞ்சுழியா?

செக்கு மாடு ஒரே திசையில்தான் சுற்றும். வளையத்தில் ஒளிக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. கடிகார முள் செல்லும் வலஞ்சுழித் திசையிலும் செல்லலாம்; எதிரான இடஞ்சுழித் திசையிலும் செல்லலாம். இரண்டும் ஒரே எலெக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஏரியிலிருந்து பிரியும் இரு வாய்க்கால்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றில் வெள்ளம் மிகுந்தால் அது தன் பாதையை ஆழமாக்கிக்கொண்டு மற்றதை வறளச் செய்துவிடும். குறைகடத்தியிலும் ஒரு திசை அலை தன்னை ஒடுக்கிக்கொள்வதைவிட எதிர்த்திசை அலையை மிகுதியாக ஒடுக்குகிறது.

ஆனால் சுவரின் சொரசொரப்பும், முனைகளின் எதிரொளிப்பும் ஒரு திசையின் ஒளியில் சிறு பங்கை மறு திசைக்குத் திருப்பிவிடுகின்றன. இவை இரண்டு வாய்க்கால்களுக்கும் குறுக்கே வெட்டிய கால்வாய் போன்றவை. கிளாஸ்கோ, இத்தாலியின் பாவியா ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் போட்டியை விரிவாக ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். மின்னோட்டம் குறைவாக உள்ளபோது இரு திசைகளிலும் ஒளி சமமாக ஓடுகிறது. சற்றுக் கூட்டினால் இரண்டும் மாறிமாறி ஓங்குகின்றன. மேலும் கூட்டினால் ஒரு திசை வென்று, மறு திசை ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. சாய்ந்த முனைகளும் வழவழப்பான சுவரும் ஏன் அவ்வளவு தேவை என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

ஒரே திசையில் ஓடுவதில் மற்றொரு நன்மையும் உண்டு. முன்னும் பின்னும் செல்லும் ஒளி நிலை அலையை உண்டாக்கும். அதன் கணுக்களில் ஒளி இல்லாததால், அங்குள்ள எலெக்ட்ரான்கள் பயன்படாமல் நின்று வேறு அலைநீளங்களுக்கு இடம் கொடுக்கும். ஒரே திசையில் முன்னேறும் அலைக்குக் கணு இல்லை. ஆகவே லேசர் தூய ஒற்றை அலைநீளத்தில் ஒளிர வாய்ப்பு மிகுதி. எந்தத் திசை வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கவும் வழி உண்டு. 1993-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆராய்ச்சிக்கூடத்தினர் வளையத்தின் நடுவே நெளிந்த குறுக்குப்பாதை ஒன்றை அமைத்தனர். தவறான திசையில் செல்லும் ஒளி அதன் வழியே சென்று சரியான திசைக்குத் திருப்பப்படும்.

என்ன பயன்?

வலஞ்சுழியை 1 என்றும், இடஞ்சுழியை 0 என்றும் கொண்டால், வளைய லேசர் ஒரு நினைவகம் ஆகிவிடுகிறது. எதிர்த்திசையில் ஒரு நொடிப்பொழுது ஒளித்துடிப்பை உட்செலுத்தினால் சுழலும் திசை மாறும். துடிப்பு நின்ற பிறகும் மாறிய திசை நிலைக்கும். 2004-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஹில்லும் குழுவினரும் இரு நுண்வளைய லேசர்களை இணைத்து இத்தகைய நினைவுறுப்பைச் செய்தனர். அது அடைத்த இடம் 18-க்கு 40 மைக்ரான். நிலை மாற ஆன நேரம் 20 பிக்கோ விநாடி. ஒரு பிக்கோ விநாடி என்பது விநாடியை லட்சம் கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு. மின்சாரம் நின்றால் இந்த நினைவு அழிந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

சுழற்சியை அளக்கவும் வளைய லேசர் உதவும். வளையம் சுழன்றால் இரு திசை ஒளிக்கும் பாதை நீளம் வேறுபடும் என்ற விளைவைப் பிரான்சு நாட்டின் சாக்னாக் 1913-இல் காட்டினார். ஹீலியம்-நியான் வாயுவை நிரப்பிய வளைய லேசர்கள் விமானங்களில் திசையறியும் கருவிகளாக உள்ளன. ஆனால் குறைகடத்தி வளையம் இந்த வேலைக்கு எளிதில் இணங்குவதில்லை. கிடைக்கும் அதிர்வெண் வேறுபாடு வளையத்தின் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நாம் கணக்கிட்ட வளையம் பூமியோடு சேர்ந்து சுழலும்போது, விநாடிக்கு ஓர் அதிர்வில் நூறில் ஒரு பங்கு வேறுபாடுகூட வராது. சொரசொரப்பால் திரும்பும் ஒளி அதையும் விழுங்கிவிடும்.

சிலிக்கனில் ஒளி எளிதில் பிறப்பதில்லை. ஆகவே 2007-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தினர், சிலிக்கன் அலைநடத்தியின்மீது ஒளி தரும் குறைகடத்தியை ஒட்டி, ஓட்டப்பந்தயப் பாதை வடிவிலான வளைய லேசரையும், அதன் ஒளியை அளக்கும் உணர்வியையும் ஒரே சில்லில் அமைத்தனர். பிளந்த முகம் தேவைப்படாத லேசர் என்பதால்தான் இது கைகூடியது.

நீங்களே செய்து பாருங்கள்

சுற்றளவு 500 மைக்ரான் உள்ள வளையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிவிலகல் எண் முன்போலவே 3.2. 1.55 மைக்ரானை ஒட்டி அடங்கும் அடுத்தடுத்த இரு அலைநீளங்கள் எவை? அவற்றின் இடைவெளி என்ன? சுற்றளவு 100 மைக்ரானானால் இடைவெளி எவ்வளவு ஆகும்? வளைவு இழப்பு கூடும் என்று தெரிந்தும் வடிவமைப்பாளர்கள் ஏன் சிறு வளையத்தை நாடுகிறார்கள் என்பதை உங்கள் விடையிலிருந்தே கூறுங்கள்.

விடை: முதல் வளையத்தில் 1032 அலைகளுக்கு 1.5504 மைக்ரான், 1033 அலைகளுக்கு 1.5489 மைக்ரான், இடைவெளி 1.5 நானோமீட்டர். இரண்டாவது வளையத்தில் இடைவெளி ஏறத்தாழ 7.5 நானோமீட்டர்.